லார்க்ஃபீல்ட் கோர்ட்டின் லிஃப்ட்

லிஃப்ட் நின்றது பிப்ரவரி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில். மறுநாள் காலை அதன் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள்: "தற்காலிகமாக இயங்கவில்லை. சிரமத்துக்கு வருந்துகிறோம்." அந்தத் தாள் வெயிலில் மஞ்சளாகி, ஒரு முனை கழன்று, கடைசியில் கீழே விழுந்தது, யாரோ பெருக்கித் தள்ளியும்விட்டார்கள். லிஃப்ட் மட்டும் அப்படியே நின்றது.

என் பெயர் நெவில் ஹாட்கின். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது தொழில். ஸ்டாக்போர்ட்டில் ரயில் பாலத்துக்கு இந்தப் பக்கம் இருக்கும் லார்க்ஃபீல்ட் கோர்ட்டில் முதல் மாடியில் குடியிருக்கிறேன். ஐந்து மாடி, இருபத்திரண்டு ஃபிளாட். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் அதில் ஒன்றை வாங்கினேன். வாங்கினேன் என்பது வெறும் வாய்ப்பழக்கம். உண்மையில் நான் காசு கொடுத்தது தொண்ணூற்றொன்பது வருடக் குத்தகையில் மிச்சமிருந்த எண்பது வருடத்துக்கு. சுவரும் அடிமனையும் வேறொருவருடையவை. அந்த வேறொருவர் எப்போதும் ஒரு கம்பெனியாகத்தான் இருப்பார். அந்தக் கம்பெனியை ஒருநாள் இன்னொரு கம்பெனி வாங்கிவிடும். நான் வந்த பிறகே மூன்று கை மாறிவிட்டது. இப்போது இருப்பது எபன்மியர் எஸ்டேட்ஸ். அவர்களில் ஒருவர் முகத்தையும் நாங்கள் பார்த்ததில்லை. அவர்கள் சார்பில் கட்டிடத்தைக் கவனிக்க டாரன்ட் அண்ட் பிம் என்று ஒரு ஏஜென்ட். படிக்கட்டு, கூரை, விளக்கு, லிஃப்ட் எல்லாம் டாரன்ட்டின் பொறுப்பு. செலவு மட்டும் எங்கள் பொறுப்பு.

நான் படியேறிப் பழகியவன். எனக்கு லிஃப்ட் நின்றது ஒரு வாரம் கழித்துத்தான் தெரியும். அதை முதல் நாளே கண்டுபிடித்தவள் நாலாவது மாடி ஹேசல் ஆர்மரட். ஐம்பத்தாறு வயது, பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. நானூறு பிள்ளைகளுக்கு வரிசை கலையாமல் சோறு போடுகிறவள். குரல் அதற்கு ஏற்றாற்போல் இருக்கும். அவள் போனில் பேசுவது படிக்கட்டு வழியாக என் கதவு வரை கேட்கும்.

"மூணாவது மாடியில வீல்சேர்ல ஒருத்தங்க இருக்காங்க. கீழே இறங்க வழியில்லை."

எதிர்முனையில் ஏதோ கேட்டார்கள்.

"ரெஃபரன்ஸ் நம்பரா? அதை நேத்தே சொன்னேனே."

மறுபடி ஏதோ.

"நேத்து பேசின பொண்ணு லீவுன்னா, என் நம்பரையும் கையோட எடுத்துக்கிட்டா போயிட்டா?"

அந்த மூன்றாவது மாடிக்காரி வெர்னா ஃபியரன். முப்பது வருடம் நர்ஸாக இருந்தவள். சர்க்கரை நோயில் வலது கால் போனபிறகு வீல்சேர். அவள் கணவன் டெஸ்மண்ட், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், எழுபத்து மூன்று வயது, முதுகெலும்பில் கோளாறு. லிஃப்ட் இருக்கும் கட்டிடம் என்பதாலேயே தங்கள் பழைய வீட்டை விற்றுவிட்டு இங்கே வந்தவர்கள். வெர்னா ஞாயிறுதோறும் தேவாலயத்தில் பாடப் போவாள். செவ்வாய்க்கிழமை மார்க்கெட். இடையில் ஆஸ்பத்திரி. இத்தனையும் ஒரே வியாழக்கிழமையில் நின்றுபோயின.

முதல் தடவை கண் டாக்டரிடம் போக ஆம்புலன்ஸ் ஆட்கள் வந்து தூக்கினார்கள். இரண்டாம் தடவை, ஈஸ்டர் ஆராதனைக்கு, நானும் இன்னும் மூன்று பேரும் சேர்ந்து நாற்காலியோடு இறக்கினோம். டெஸ்மண்ட் முன்னால் இறங்கிக்கொண்டே பஸ்ஸைப் பின்னால் எடுக்கிற மாதிரி கையை ஆட்டினார். "லெஃப்ட்ல வாங்க, லெஃப்ட்ல... போதும், போதும்! சுவத்துல இடிக்குது!"

கீழே வந்ததும் வெர்னா தொப்பியைச் சரிசெய்துகொண்டு எங்கள் நாலு பேரையும் பார்த்தாள். நாங்கள் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தோம்.

"ரொம்ப நன்றிப்பா. ஆனா இதான் கடைசி. நான் என்ன சோஃபாவா, கொஞ்சம் சாய், கொஞ்சம் தூக்குன்னு? லிஃப்ட் ஓடட்டும், அப்ப வரேன்."

சொன்னபடியே செய்தாள். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக்குத் தவிர வேறெதற்கும் இறங்க மறுத்துவிட்டாள். மூன்றாவது மாடி ஜன்னலில் அவள் முகம் தெரியும். நான் காரில் ஏறும்போது கையசைப்பாள். நானும் அசைத்துவிட்டுப் போய்விடுவேன்.

ஹேசலின் அக்கா புருஷன் பேரி முப்பது வருடமாக லிஃப்ட் மெக்கானிக். ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனைக் கூட்டிவந்தாள். லிஃப்ட் தரைத்தளத்தில் கதவு பாதி திறந்தபடி நின்றிருந்தது. பேரி டார்ச் அடித்து உள்ளே எட்டிப் பார்த்தான். மறு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேதான் பார்த்தான், எதையும் தொடவில்லை, நான் சாட்சி.

"கதவை இழுக்கற பெல்ட் அறுந்திருக்கு. பக்கத்துல கரண்ட் தொடுற ஒரு காண்டாக்ட் தேஞ்சிருக்கு. அவ்வளவுதான். முக்கால் மணி நேர வேலை."

"இதுக்கா ரெண்டு மாசம்?" என்றாள் ஹேசல்.

"நானே போட்டுடுவேன் ஹேசல். ஆனா இது உன் லிஃப்ட் இல்லையே."

இரண்டு வாரத்தில் ஹேசலுக்கு டாரன்ட்டிடமிருந்து கடிதம். அனுமதியில்லாத நபரை லிஃப்ட்டைப் பரிசோதிக்க விட்டது குத்தகை நிபந்தனையை மீறிய செயல், மீண்டும் நடந்தால் வீட்டையே இழக்க நேரிடும் என்று இருந்தது. கீழே சின்ன எழுத்தில் இன்னொரு வரி: இந்தக் கடிதத்தைத் தயாரித்ததற்கான கட்டணம் நூற்று நாற்பத்து நான்கு பவுண்டு, உங்கள் கணக்கில் சேர்க்கப்படும்.

அதே வாரம் எல்லோருக்கும் இன்னொரு கடிதம். லிஃப்ட் தன் ஆயுளை முடித்துவிட்டதாம். புது லிஃப்ட் போட வேண்டுமாம். இவ்வளவு பெரிய செலவுக்கு முன்னால் எங்கள் கருத்தைக் கேட்க வேண்டும் என்பது சட்டம்; எனவே முப்பது நாள். அதன்பிறகு விலைப்புள்ளிகள் வாங்கிக் காட்டி இன்னொரு முப்பது நாள். எங்களைக் காப்பாற்றப் போட்ட சட்டத்தை எங்கள் கழுத்திலேயே சுற்றினார்கள். ஹேசல் தன் கருத்தைப் பெரிய எழுத்தில் எழுதி அனுப்பினாள்: "பெல்ட்டை மாற்றுங்கள்." பதில் வந்தது: "உங்கள் கருத்து குறித்துக்கொள்ளப்பட்டது."

மே மாதம் ஒருநாள் அவள் என் கதவைத் தட்டினாள். கையில் ஒரு படிவம்.

"நெவில், ஒரு கையெழுத்து போடு."

"எதுக்கு?"

"டாரன்ட்டை வெளியே அனுப்ப. பாதி ஃபிளாட்காரங்க சேர்ந்து ஒரு கம்பெனி ஆரம்பிச்சா நிர்வாகத்தை நாமே எடுத்துக்கலாம். சட்டத்துல இருக்கு. அவங்க தப்பு பண்ணாங்கன்னு நிரூபிக்கக்கூட வேணாம். பதினோரு பேர் போதும்."

"நான் வித்துட்டுப் போறேன் ஹேசல். ஆள் கிடைச்சாச்சு. போற நேரத்துல எனக்கு எதுக்கு வம்பு?"

"போற வரைக்கும் இங்கதானே இருக்கே?"

"கையெழுத்து போட்டா டாரன்ட் பேப்பர் தர்றதை இழுத்தடிப்பான். விற்பனை கெட்டுடும்."

அவள் சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். போடவில்லை. "உன் வீடு முதல் மாடிடா கண்ணு. அதான் உனக்கு எதுவும் தெரியலை," என்று சொல்லிவிட்டு அடுத்த கதவுக்குப் போனாள்.

மூன்று வாரம் கழித்து என் விற்பனை தானாகவே கெட்டது. வாங்க வந்த பையனின் பாங்க் குத்தகையில் எத்தனை வருடம் மிச்சம் என்று கேட்டது. அறுபத்தொன்பது என்றதும் கடன் இல்லை என்றுவிட்டது. வருடங்களைக் கூட்டித்தரச் சொல்லி எபன்மியரிடம் கேட்டால் அவர்கள் சொல்லும் விலையைக் கொடுக்க வேண்டும். அவர்கள் விலையை மதிப்பிட வருபவருக்கும் அவர்கள் வக்கீலுக்கும் நான்தான் கூலி தர வேண்டும். அந்தக் கணக்கைக் கேட்டுவிட்டு நாலாவது மாடிக்கு ஏறினேன். ஹேசல் கதவைத் திறந்தாள்.

"பேனா இருக்கா?" என்றேன்.

"வித்தாச்சா?"

"பாங்க் வேணாம்னுடுச்சு. அறுபத்தொம்பது வருஷம் பத்தாதாம்."

"உனக்கு இப்ப என்ன வயசு?"

"அம்பத்திரண்டு."

"அப்ப நூத்தி இருபத்தொண்ணு வரைக்கும் கவலையில்லை, உள்ளே வா," என்று சிரித்தாள். பிறகு தேநீர் போட்டாள். போகும்போது, வெர்னா கையெழுத்துப் போட்டு வைத்திருக்கும் படிவத்தை வாங்கி வரச் சொன்னாள். அதுவரை அந்த வீட்டுக்குள் நான் போனதே இல்லை, ஈஸ்டரன்று நாற்காலியைத் தூக்கியதும் வாசலிலிருந்துதான். ஹால் முழுக்க மருந்து டப்பாக்கள், ஜன்னலோரம் ஒரு நாற்காலி, அதன் கைப்பிடியில் ஆராதனைப் பாட்டுப் புத்தகம்.

"ஜன்னல்ல இருந்து பார்க்கறேன், உன்கிட்ட கத்துக்கற பசங்க யாருக்கும் காரை நிறுத்தவே தெரியலை," என்றாள் வெர்னா. "நான் வீல்சேரையே ஒழுங்கா நிறுத்துவேன்."

கையெழுத்து சேர்ப்பது சுலபமாக இல்லை. பாதி ஃபிளாட்டுகளின் சொந்தக்காரர்கள் இங்கே இருப்பதில்லை, வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். ஹேசல் ஹாங்காங்குக்கும் லீட்ஸுக்கும் கடிதம் எழுதினாள். பள்ளிக்கூட விடுமுறையில் ஒருத்தரைத் தேடி பிளாக்பூல் வரை போய்வந்தாள். பதினைந்து பேர் சேர்ந்தோம். கம்பெனி பதிவானது, ஹேசல், டெஸ்மண்ட், நான், மூன்று பேர் இயக்குநர்கள். டாரன்ட்டின் இரண்டு முப்பது நாளும் முடிந்தும் புது லிஃப்ட்டைக் காணோம். நிர்வாகத்தை நாங்களே எடுத்துக்கொள்கிறோம் என்று ஜூலையில் எபன்மியருக்கு நோட்டீஸ் அனுப்பினோம்.

பதில் சொல்ல அவர்களுக்கு ஒரு மாதத் தவணை. கடைசி நாள் மாலை நாலரை மணிக்குப் பதில் வந்தது. கோரிக்கை செல்லாது. காரணம்: கம்பெனியில் சேராத எல்லாச் சொந்தக்காரர்களுக்கும் முன்கூட்டியே அழைப்பு அனுப்ப வேண்டும், ஒன்பதாம் எண்ணுக்கு முறையாக அனுப்பவில்லை.

ஒன்பதாம் எண் ஸ்டப்ஸுடையது. அவர் இறந்து மூன்று வருடமாகிவிட்டது. ஹேசல் அழைப்பை அந்தக் கதவின் தபால் துளையில் போட்டிருந்தாள். அவர் பெயரில்தான் போட்டிருந்தாள். வேறு பெயர் அவளுக்குத் தெரியாது. ஆனால் சட்டப்படி இப்போது சொந்தக்காரி அவருடைய மகள். அவள் விட்பியில் இருக்கிறாள். அந்த மகளுக்கு மூன்று வருடமாக மாதம் தவறாமல் டாரன்ட் பராமரிப்புக் கட்டணச் சீட்டு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். முகவரி அவர்கள் கையில்தான் இருந்தது. ஏப்ரலில் ஹேசல் எல்லோருடைய முகவரியையும் கேட்டு எழுதியபோது, தனியுரிமை காரணமாகத் தர இயலாது என்றவர்களும் அவர்கள்தான்.

அன்றைக்கு ஹேசல் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில், வேலை உடுப்போடு, கடிதம் மடியில்.

"செத்தவருக்குக் கடிதம் போட்டது என் தப்பாம். நான் எங்க போய்க் கொடுத்திருக்கணும், கல்லறையிலயா?"

டெஸ்மண்ட் கதவைத் திறந்து பார்த்தார். உள்ளேயிருந்து வெர்னாவின் குரல் வந்தது. "அந்தப் பொண்ணை உள்ளே கூட்டிட்டு வாங்க. படியில உட்காரவிட்டு வேடிக்கை பார்க்கறாரு மனுஷன்!"

அவள் உள்ளே போனாள். நானும் போனேன். பிறகு வெர்னா, "அந்த விட்பிக்காரிக்குப் போன் பண்ணியாச்சா?" என்று கேட்டாள். ஒருவருக்கும் தோன்றாத யோசனை அது. தேடிப் பிடித்துப் பேசினோம். ஸ்டப்ஸின் மகள் எங்களைவிடக் கோபமாக இருந்தாள். பூட்டிக் கிடக்கும் வீட்டை விற்கவும் முடியாமல் மூன்று வருடமாகக் கட்டணம் கட்டுகிறாள். பழைய நோட்டீஸைத் திரும்பப் பெற்று முதலிலிருந்து தொடங்கினோம். அவள் பதினாறாவது ஆளாகச் சேர்ந்தாள்.

இரண்டாவது நோட்டீஸுக்கும் மறுப்பு வந்தது. அதுவும் கடைசி நாளில்தான். இந்தத் தடவை காரணம் குப்பைத் தொட்டிக் கொட்டகை. அதைப் பக்கத்துக் கட்டிடமும் பயன்படுத்துகிறது. ஆகவே லார்க்ஃபீல்ட் கோர்ட் தனிக் கட்டிடமே அல்ல, தனிக் கட்டிடத்துக்குத்தான் இந்த உரிமை என்றார்கள். தீர்ப்பாயத்துக்குப் போனோம். விசாரணைத் தேதி ஜனவரியில் கிடைத்தது.

விசாரணைக்கு வெர்னா வருவேன் என்றாள். யாரும் எதிர்பார்க்கவில்லை.

"தூக்க வேணாம்னு நீதானேம்மா சொன்னே?" என்றார் டெஸ்மண்ட்.

"தேவாலயத்துக்கு வேணாம்னேன். ஆண்டவர் மூணாவது மாடிக்கும் வருவார். ஜட்ஜ் வரமாட்டாங்க."

பேரியும் நானும் இன்னும் இரண்டு பேரும் இறக்கினோம். மான்செஸ்டரில் சின்ன அறை, நீளமான மேசை. எதிர்த்தரப்பில் சக்கரம் வைத்த பெட்டியோடு ஓர் இளம் வக்கீல். எங்களுக்கு வக்கீல் இல்லை, ஹேசல்தான். கோப்புகளைப் பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டு டிரேயில் அடுக்கிக் கொண்டுவந்திருந்தாள்.

நீதிபதி நிதானமான பெண்மணி. வக்கீலிடம் கேட்டார்: "அந்தக் கொட்டகை கட்டிடத்தோட சுவரைத் தொட்டுக்கிட்டு இருக்கா?"

"தொடலை, மேடம். இருந்தாலும் பயன்பாட்டுல..."

"எவ்வளவு தள்ளி இருக்கு?"

அவர் தாளைப் புரட்டினார். "நாலு மீட்டர், மேடம்."

நீதிபதி குறித்துக்கொண்டார். ஹேசல் எழுந்து லிஃப்ட் கதையைச் சொல்லத் தொடங்கினாள். பெல்ட், கடிதம், நூற்று நாற்பத்து நான்கு பவுண்டு. நீதிபதி கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுத் தன்மையாக நிறுத்தினார்.

"உங்க கஷ்டம் எனக்குப் புரியுது. ஆனா லிஃப்ட் ஓடுதா இல்லையாங்கறது இந்த வழக்குல நான் முடிவு பண்ண வேண்டிய விஷயம் இல்லை."

"அப்ப நான் இன்னிக்கு எப்படி இங்க வந்தேங்கறதும் விஷயம் இல்லையா?" என்றாள் வெர்னா. அவளை யாரும் பேசச் சொல்லவில்லை.

"சட்டப்படி இல்லை, மிஸஸ் ஃபியரன். மன்னிக்கணும்."

"மன்னிச்சுட்டேன். எழுதிக்கிட்டா போதும்."

நீதிபதி எழுதினார். என்ன எழுதினார் என்று தெரியாது.

ஏழு வாரம் கழித்துத் தீர்ப்பு வந்தது. எங்கள் பக்கம். நாலு மீட்டர் தள்ளியிருக்கும் கொட்டகையால் ஒரு கட்டிடம் தனித்தன்மையை இழந்துவிடாது என்று இரண்டு பக்கத்துக்கு விளக்கம். நான் ஹேசலைக் கட்டிப்பிடித்தேன். அவள் என்னைத் தள்ளிவிட்டுக் கடைசிப் பத்தியைக் காட்டினாள். நிர்வாகம் கைக்கு வர இன்னும் மூன்று மாதம் ஆகும். அதுவும் சட்டம்.

ஜூன் மாதத்தில் டாரன்ட்டின் ஆள் ஒருவன் வந்து ஒரு அட்டைப்பெட்டியை ஹேசலிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனான். உள்ளே நூற்றுக்கும் மேற்பட்ட சாவிகள். எது எந்தப் பூட்டுக்கு என்று ஒரு சீட்டுகூட இல்லை. லிஃப்ட்டின் பராமரிப்புப் பதிவேடும் இல்லை. கேட்டால் தேடிப்பார்க்கிறோம் என்றார்கள். அந்தச் சனிக்கிழமை முழுவதும் டெஸ்மண்டும் நானும் ஒவ்வொரு பூட்டிலும் ஒவ்வொரு சாவியாகப் போட்டுப் பார்த்தோம்.

திங்கட்கிழமை பேரி தன் கம்பெனி மூலம் முறையான பேப்பரோடு வந்தான். பெல்ட், காண்டாக்ட், இரண்டும் சேர்த்து எண்பத்தாறு பவுண்டு. முக்கால் மணி நேரம் என்று சொல்லியிருந்தான். ஐம்பது நிமிடம் ஆனது, அதில் பத்து நிமிடம் மெஷின் அறைச் சாவியைத் தேடியது. அப்புறம் சோதனை, சான்றிதழ். நாலு மணிக்கு லிஃப்ட் மூன்றாவது மாடிக்கு ஏறிப்போய்க் கதவு திறந்தது. பதினாறு மாதம்.

வெர்னா கீழே வந்தாள். நாங்கள் பத்துப் பேர் வாசலில் நின்றிருந்தோம். யாரோ கைதட்டத் தொடங்கினார்கள். அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"எதுக்குக் கைதட்டறீங்க? லிஃப்ட்டுன்னா ஏறணும், இறங்கணும். அது அதோட வேலை." பிறகு டெஸ்மண்டைப் பார்த்தாள். "வாங்க, மார்க்கெட் மூடறதுக்குள்ள போகலாம். எனக்கு மீன் வேணும். நானே பார்த்து வாங்கணும். ஒன்றரை வருஷமா இந்த மனுஷன் வாங்கிட்டு வந்த மீனைத் தின்னது நான்தான்."

அவள் போனபிறகு ஹேசல் லிஃப்ட்டுக்குள் போய், கதவு மூடியபின் தனியாக அழுதாள் என்று நினைக்கிறேன். நாலாவது மாடியில் இறங்கியபோது அவள் கண் சிவந்திருந்ததாகப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். அவளிடம் கேட்கும் தைரியம் எனக்கில்லை.

இத்தோடு முடிந்தது என்று சொல்ல ஆசைதான். அடுத்த வாரமே எபன்மியரிடமிருந்து அடிமனை வாடகைச் சீட்டு எல்லோருக்கும் வந்தது. நிர்வாகம்தான் எங்களுடையது, கட்டிடம் இன்னும் அவர்களுடையது. சீட்டின் மேலே "அன்புள்ள குத்தகைதாரருக்கு" என்று அச்சடித்திருந்தது. ஹேசல் அதை என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"இருபத்திரண்டு வருஷம் பாங்க் கடன் கட்டி முடிச்சேன் நெவில். இன்னும் நான் குத்தகைக்காரிதானா?"

எங்கள் தொகுதி எம்.பி.க்கு எழுதினாள். நாலு பக்கப் பதில் வந்தது. குத்தகை முறையைச் சீர்திருத்தும் சட்டம் நிறைவேறிவிட்டது, ஆனால் வருடங்களை மலிவாக நீட்டித்துக்கொள்ளும் பகுதி இன்னும் நடைமுறைக்கு வரவில்லை, கலந்தாலோசனை நடக்கிறது, தேதி பின்னர் அறிவிக்கப்படும். உங்கள் கருத்தைக் குறித்துக்கொண்டேன் என்றும் அதில் ஒரு வரி இருந்தது. அதைப் படித்ததும் ஹேசல் பேசிய வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. என் குத்தகையில் இப்போது அறுபத்தெட்டு வருடம் மிச்சம். காத்திருந்தால் சட்டம் மலிவாக்கும் என்கிறார்கள். காத்திருக்கும் ஒவ்வொரு வருடமும் நீட்டிக்கும் விலையை ஏற்றுகிறது. எது லாபம் என்று மூன்று வக்கீல்களைக் கேட்டேன். மூன்று பதில் கிடைத்தது, மூன்றுக்கும் கட்டணம் கட்டினேன்.

போன வியாழக்கிழமை எங்கள் கம்பெனியின் முதல் கூட்டம் தரைத்தளக் கூடத்தில் நடந்தது. வெர்னா எல்லோருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தாள். நிகழ்ச்சி நிரலில் கூரை ஓடு இருந்தது, வாசலில் சைக்கிள் நிறுத்துவது இருந்தது. அவள் இரண்டையும் விட்டுவிட்டு, எல்லோரும் சேர்ந்து அடிமனையையே வாங்கிவிட்டால் என்ன என்று கேட்டாள்.

ஹேசல் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னொரு நோட்டீஸா? தெய்வமே!"

ஐந்தாவது மாடிக்காரர் அதற்கு எவ்வளவு ஆகும் என்றார். இரண்டாவது மாடிக்காரர், சட்டம் வரட்டும், அதுவரை பொறுக்கலாமே என்றார். சைக்கிள்காரர், தன் சைக்கிளைப் பற்றி என்ன முடிவு என்றார். ஒரு மணி நேரம் எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். வாங்கலாம் என்று ஒன்பது பேர் கை தூக்கினோம். பதினொன்று வேண்டும். மற்றவர்களிடம் பேசிப்பார்ப்பதாக டெஸ்மண்ட் ஒரு தாளில் பெயர்களை எழுதிக்கொண்டார். ஹாங்காங்குக்குக் கடிதம் எழுதும் வேலை இந்தத் தடவை எனக்கு.